நீ போ என்று சொன்ன இடம்

பிப்ரவரி 11

மச்சானுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நல்லா இருப்பீங்கன்னு நம்பி எழுதுறேன். இங்கே உங்க தங்கச்சி நல்லா இருக்கா. நானும் இருக்கேன். இடுப்பு மட்டும் என் பேச்சைக் கேக்காம தனிக்குடித்தனம் போகப் பாக்குது.

இவன் எதுக்குத் திடீர்னு கடிதம் எழுதுறான்னு யோசிப்பீங்க. ஃபோன்ல அவ பேரை எடுத்த உடனே "சரி, வேலை கிடக்கு"ன்னு வெச்சுடுறீங்க. நாலு மாசமா இதே கதை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தூக்கிப் போட்டாலும் மேசை மேலதான் விழும். அக்கா எடுத்து உரக்கப் படிப்பாங்க.

விஷயம் இதுதான். உங்க தங்கச்சி இந்த வருஷம் அந்த மலை ஓட்டத் தொடர் முழுசையும் ஓடப் போறா. மார்ச், மே, ஜூலை, அக்டோபர், மொத்தம் நாலு ஓட்டம். ஐம்பது கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு எண்பதுல முடியுது. கடைசி ஓட்டம் போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் ஜோடியா ஓடின அதே மலை. அந்தக் கல் இறக்கத்துல நீங்க வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, அவகிட்ட "நீ போ"ன்னு சொன்னீங்க. அவ போனா, முடிச்சா. நீங்க ஜீப்ல வந்தீங்க. அன்னைக்கு விட்ட பேச்சு இன்னும் ஆரம்பிக்கல. நான் பஞ்சாயத்து பண்ண வரல. அண்ணன் தங்கச்சி நடுவுல பூந்தவன் யாரும் உருப்பட்டதில்லை.

எனக்கு வேண்டியது உங்க அனுபவம். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக். மனுஷன் ரெண்டு மாடி ஏறக்கூடக் கஷ்டப்படக் கூடாதுன்னு நாள் பூரா கிரீஸ்ல கையை விட்டுக்கிட்டு இருக்கேன். என் பெண்டாட்டி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எட்டு மணி நேரம் நின்னு ஈரப் போர்வையைத் தூக்கிப் போட்டுட்டு வந்து, நான் சரி பண்ணி வெச்ச லிஃப்ட் பக்கத்துலயே பன்னிரண்டு மாடியும் படியில ஏறி இறங்குறா. ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "சார், லிஃப்ட் ரிப்பேரா?"ன்னு கேக்குறாரு. என் தொழில் மானம் போகுது.

எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டுறது மட்டும்தான். எந்த நிறுத்தத்துல நிக்கணும், கையில என்ன கொடுக்கணும், என்ன பேசக் கூடாது, ஒண்ணும் தெரியாது. நீங்க பத்து வருஷம் ஓடினவர். நாலு வரி எழுதிப் போடுங்க.

அக்காவுக்கு என் அன்பு. உங்க கணுக்காலுக்கும்.

உங்க மாப்பிள்ளை


பிப்ரவரி 27

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே நான் படிப்பதற்குள் இவள் உரக்கப் படித்துவிட்டாள். இங்கே இருவரும் சுகம். உங்கள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நான் யாரோடும் சண்டையில் இல்லை. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். கூடப்பிறந்தவன் காலைப் பிடித்துக்கொண்டு கல்லில் கிடக்கிறான். ஒரு பேச்சுக்கு "நீ போ" என்கிறான். "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள் உங்கள் மனைவி. போ என்றால் போய்விடுவதா? அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வந்தது, எழுதினேன்.

ஓட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நிறுத்தத்தில் அவளை உட்கார விடாதீர்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. "முடியுமா?" என்று கேட்காதீர்கள். "அடுத்தது எங்கே?" என்று கேளுங்கள். அவித்த உருளைக்கிழங்கில் உப்புத் தொட்டுக் கொடுங்கள். இனிப்பு கொடுத்தால் பாதியில் குமட்டும் அவளுக்கு. இடது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வரும், சின்ன வயதிலிருந்தே அந்த விரல் அப்படித்தான், உள்பக்கமாக வளைந்திருக்கும். ஓடுவதற்கு முன்னாலேயே பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுவாள். இறக்கத்துக்கு முன் தளர்த்தச் சொல்லுங்கள்.

எத்தனாவது வந்தாள் என்று எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பல் லேபில் வேலை நெருக்கடி. ஒரு முழுப் பல் செட்டை மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார் ஒரு பெரியவர், சிரித்தால் மாமியார் மாதிரி இருக்கிறதாம். பஸ் கிடைக்காமல் வீட்டுக்கு நடந்தே வருகிறேன். அதனால் பதில் தாமதம்.

இவள் உங்களை விசாரித்தாள்.

மச்சான்


மார்ச் 24

மச்சானுக்கு,

நலம். உங்க தங்கச்சி ரொம்ப நலம். ஒத்தடம் கொடுத்தேன், இடுப்பு பாதி வழிக்கு வந்திருக்கு.

முதல் ஓட்டம் முடிஞ்சது. ஐம்பது கிலோமீட்டர். முதல்ல உங்க புத்திமதி பட்ட பாட்டைக் கேளுங்க. விடிகாலையில கிளம்புறதுக்கு முன்னாடி பெரிய நிபுணன் மாதிரி பிளாஸ்திரியை எடுத்துக்கிட்டு அவ காலடியில உக்காந்தேன். இடது கால் சுண்டுவிரலைப் பிடிச்சு ஒட்டினேன். அவ என் மூஞ்சியையே பார்த்தா. "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னா. புத்தகத்துல படிச்சேன்னேன். "எந்தப் புத்தகத்துல என் சுண்டுவிரல் வருது?"ன்னு கேட்டா. நான் வண்டிச் சாவியைத் தேடப் போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா அந்த விரலையே தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. 

மச்சான், நான் அவளோட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவளை அன்னைக்குத்தான் பார்த்தேன்னு சொன்னா நம்புவீங்களா. மூணாவது நிறுத்தத்துல நிக்குறேன். கீழே இருந்து ஒவ்வொருத்தரா வர்றாங்க, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, கடவுளைத் திட்டிக்கிட்டு. இவ வர்றா, சலவைக்கூடத்துல டிராலி தள்ளுற அதே நடை. அவசரமும் இல்ல, அலுப்பும் இல்ல. பக்கத்துல ஒரு வாலிபன் கல்லுல உக்காந்து ஷூவைக் கழட்டி வீசிட்டு "போதும்டா சாமி"ன்னு புலம்புறான். அந்த ஷூவை எடுத்து, உள்ளே இருந்த மண்ணைத் தட்டி, அவன் பக்கத்துல ஜோடியா வெச்சுட்டு இவ போயிட்டா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், அவன் ஷூவை மாட்டிக்கிட்டு அவ பின்னாடியே கிளம்பிட்டான்.

உருளைக்கிழங்கைக் கொடுக்க மறந்து நானே தின்னுட்டேன்.

முடிச்சா. நல்லபடியா முடிச்சா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மடிச்சு வெச்சுட்டுத்தான் படுத்தா.

அக்காவைக் கேட்டதா சொல்லுங்க.

உங்க மாப்பிள்ளை


ஏப்ரல் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலமே. உங்கள் கடிதத்தை இந்த முறை நானே முதலில் படித்தேன். பிறகு இவள் படித்தாள். பிறகு நான் இன்னொரு தடவை படித்தேன், தேதி பார்ப்பதற்காக.

ஷூவை ஜோடியாக வைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான் சொல்லிக் கொடுத்தது. அம்மா வேலைக்குப் போனபிறகு வீட்டில் நானும் பாப்பாவும்தான். அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் கொண்டு போய் விட்டு, கூட்டிக்கொண்டு வருவது என் வேலை. சொன்னால் கேட்கிற பிள்ளை. ஊரில் எந்தத் தங்கச்சியும் அப்படிக் கிடையாது. ஒரு தடவை சைக்கிள் கடை வாசலில் "இங்கேயே நில்லு, வந்துடறேன்" என்று நிறுத்திவிட்டு நண்பர்களோடு பந்து விளையாடப் போய்விட்டேன். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அவள் ஞாபகமே இல்லை. இருட்டின பிறகு ஓடிப் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் தொப்பலாக நிற்கிறாள். கடைக்காரர் உள்ளே வரச் சொல்லியும் வரவில்லையாம். "அண்ணன் இங்கேதான் நிக்கச் சொன்னான்" என்றாளாம். இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரிப்போம்.

கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எத்தனாவது வந்தாள்? பெண்களில் எத்தனாவது?

மே மாத ஓட்டத்தில் சேறு இருக்கும். ஈரக்காலோடு ரொம்ப நேரம் ஓடக் கூடாது. நடுநிறுத்தத்தில் காலுறை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாளா தெரியாது. சொல்லிப் பாருங்கள்.

பஸ் இப்போதும் சரியாகக் கிடைப்பதில்லை.

மச்சான்


மே 30

மச்சானுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீங்களும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு மேலே எழுதுறேன்.

ரெண்டாவது ஓட்டமும் ஆச்சு. சேறுன்னா சேறு, அப்படி ஒரு சேறு. நான் நின்ன இடத்துல என் செருப்பே மாட்டிக்கிச்சு, ஒரு செருப்போடதான் வீட்டுக்கு வந்தேன். காலுறை மாத்தச் சொன்னேன். "இதையும் புத்தகத்துல படிச்சீங்களா?"ன்னா. ஆமான்னேன். "அந்தப் புத்தகத்துக்குக் கால் சரியாயிடுச்சான்னு கேளுங்க"ன்னு சொல்லிட்டு ஓடிட்டா. நான் கேக்கல மச்சான். அவ கேக்கச் சொன்னான்னு சொல்றேன், அவ்வளவுதான்.

பாதி வழியில மழை. பேர் கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் நிறுத்தத்துலயே போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துட்டாங்க. இவ உக்காரல. "அடுத்தது எங்கே?"ன்னு நான் கேட்டேன், நீங்க சொன்ன மாதிரி. கையை நீட்டி மலை உச்சியைக் காட்டினா. மேகத்துல உச்சியே தெரியல. தெரியாத இடத்தைக் காட்டிட்டு அங்கேயே போறா. சலவைக்கூடத்துல இவ கூட வேலை பாக்குற பெண்கள் நாலு பேர் பாக்க வந்திருந்தாங்க. அதுல ஒருத்தி சொன்னா, "இவ ஷிஃப்ட்ல இருந்தா மெஷின்கூட நிக்காது சார்"னு.

எத்தனாவதுன்னு ரெண்டு தடவை கேட்டுட்டீங்க. முடிச்சா மச்சான். முடிச்சதே பெரிசு இல்லையா?

முடிக்கிற இடத்துல ஒருத்தர் எடுத்த போட்டோவை இதோட வெச்சிருக்கேன். மூஞ்சியெல்லாம் சேறு. பல்லு மட்டும்தான் தெரியும், உங்க தொழிலுக்கு அது போதுமே.

உங்க மாப்பிள்ளை


ஜூன் 12

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம். போட்டோ வந்தது.

அவள் நெஞ்சில் குத்தியிருக்கிற எண் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. தனியாக ஓடுகிறவர்களுக்கு வெள்ளை எண், ஜோடியாக ஓடுகிறவர்களுக்கு மஞ்சள். பத்து வருஷம் ஓடியவனுக்கு இது தெரியாதா. நீங்கள் ஏன் எத்தனாவது என்று சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. சொன்னால் ஜோடி யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.

போன வருஷம் மலை ஏறுவதற்கு முந்தின நாள், இந்த வருஷத் தொடருக்கு நாங்கள் இருவரும்தான் ஜோடியாகப் பேர் கொடுத்தோம். நான் வரமாட்டேன் என்று அவளுக்கே தெரியும். என் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். சேர்த்துக்கொள்ளட்டும். அவள் இஷ்டம்.

யார் அது?

மச்சான்


ஜூலை 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இவள் கவலைப்படுகிறாள்.

ஜோடி யார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று இவள் சொல்கிறாள். சரி, பேர் வேண்டாம். அந்த ஆள் இறக்கத்தில் எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். பாப்பா ஏற்றத்தில் சிங்கம், இறக்கத்தில் பயப்படுவாள். நான் முன்னால் போய் எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போவேன், அவள் அதே கல்லில் வைப்பாள். அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா? தன் பாட்டுக்கு ஓடுகிற ஆளாக இருந்தால் அவளுக்குச் சரிப்படாது. இதை அவனிடம் யாராவது சொல்ல வேண்டும்.

வேலை செய்ய முடியவில்லை. நேற்று மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் பொருத்திவிட்டேன்.

மச்சான்


ஜூலை 28

மச்சானுக்கு,

வணக்கம். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வாய்க்குத்தான் பூட்டு. அவ போட்ட பூட்டு. "அண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாது"ன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. போட்டோவுல எண் தெரியும்னு இந்த மரமண்டைக்குத் தோணல. ஆறு வாரமா எழுதி எழுதிக் கிழிச்சேன். இப்போ மூணாவது ஓட்டத்தையும் பார்த்துட்டு வந்துட்டேன். இனிமே சத்தியமாவது ஒண்ணாவது. என் தலைக்கு ஏதாவது ஆனா அக்கா பார்த்துக்கட்டும்.

ஜோடி நீங்கதான்.

அவ பேரை மாத்தவே இல்ல. உங்களுக்கும் ஒரு மஞ்சள் எண் கொடுத்தாங்க. அதை மடிச்சு, நனையாம பிளாஸ்டிக் உறையில போட்டு, முதுகுப் பையில வெச்சுக்கிட்டுத்தான் மூணு ஓட்டமும் ஓடியிருக்கா. ஜோடியில ஒருத்தர் மட்டும் வந்தா ஓட விடுவாங்க, ஆனா இடம் கிடையாது. அதனாலதான் நான் எத்தனாவதுன்னு எழுதல. எழுத ஒண்ணும் இல்ல. மூணாவதா உள்ளே வர்றா, பேர் சொல்லிக் கூப்பிடுறப்போ நாலாவது ஆளைக் கூப்பிடுறாங்க. இவ நின்னு கை தட்டுறா. எனக்கு வயிறு எரியுது.

போன வாரம் ஓட்டத்தை நடத்துற அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாங்க, "இப்பவாவது வெள்ளை எண்ணுக்கு மாறிக்கோங்க, மூணு ஓட்டத்தோட நேரத்தையும் கணக்குல சேர்த்துக்கறோம், தொடர்லயே மூணாவதா வருவீங்க"ன்னு. இவ "வேண்டாம்மா"ன்னுட்டா. ஜோடிக்கு ஒரு விதி இருக்காம். கடைசி ஓட்டத்துல மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து கெடுவுக்குள்ள முடிச்சா, தொடரை முடிச்ச ஜோடின்னு ஏத்துப்பாங்க. "அண்ணன் வருவானா, என்ன நிச்சயம்?"னு கேட்டேன். "வந்தா இடம் இருக்கணும்ல"ன்னா.

இன்னொண்ணு சொல்றேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. சைக்கிள் கடை கதையைச் சிரிப்புன்னு எழுதியிருந்தீங்க. அதை நான் நாலு தடவை படிச்சேன், எனக்குச் சிரிப்பு வரல. நில்லுன்னு சொன்னீங்க, மழையில நின்னா. போன்னு சொன்னீங்க, போனா. ஆயுசுல உங்க பேச்சை அவ ஒரு தடவைகூடத் தட்டினதில்ல மச்சான். அன்னைக்கும் தட்டல. அதுக்கா பேசாம இருக்கீங்க?

மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். அக்காவுக்கு வணக்கம்.

உங்க மாப்பிள்ளை


ஆகஸ்ட் 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம்.

அந்த இன்னொரு எண்ணில் ஊசி குத்தி ஓட்டை போட்டுவிட வேண்டாம். நானே குத்திக்கொள்கிறேன்.

மச்சான்

பி.கு. தம்பி, இது அக்கா. கடிதத்தை மூடுறதுக்குள்ள பிடுங்கி எழுதுறேன். உங்க கடிதத்தைப் படிச்சுட்டு மாடிக்குப் போனவர் சாப்பிடக்கூட இறங்கி வரல. பிப்ரவரியில இருந்து தினமும் பஸ் கிடைக்கல, பஸ் கிடைக்கலன்னு லேபில இருந்து நடந்து வர்றார். ஏப்ரல்ல இருந்து ஓடியே வர்றார். பஸ் ஸ்டாப் எங்க வாசல்லதான் இருக்கு.


அக்டோபர் 17

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உங்கள் இடுப்பும் பாப்பாவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

அன்று முடிக்கிற இடத்தில் நான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டேன். மலையில் என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொல்லிவிடுகிறேன்.

விடிகாலையில் என் எண்ணை அவளே பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "வா" என்றும் சொல்லவில்லை, "வந்தியா" என்றும் கேட்கவில்லை. நான் குத்திக்கொண்டேன். அறுபது கிலோமீட்டர் வரைக்கும் நன்றாகவே போனோம். ஏற்றத்தில் அவள் முன்னால், இறக்கத்தில் நான். மாப்பிள்ளை, நீங்கள் எழுதியதெல்லாம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். மூச்சு வாங்காமல் அவள் ஏறுகிற அழகைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். இந்தக் கையையா பிடித்துக்கொண்டு ரோடு கடந்தோம் என்று இருந்தது.

கல் இறக்கம் வந்தது. அதே இடம். நான் விழவில்லை. ஆனால் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நடக்கலாம், ஓட முடியாது. நடந்தால் கெடுவுக்குள் போய்ச் சேர முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் தனியாகப் போனால் தாராளமாகப் போய்விடுவாள். அந்த அம்மாள் வெள்ளை எண்ணைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது, இப்போது ஓடினாலும் ஏதாவது செய்து இடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். போன வருஷம் உட்கார்ந்த அதே கல்லில் உட்கார்ந்து, "பாப்பா, நீ போ" என்றேன். இந்தத் தடவை மனசாரத்தான் சொன்னேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து உருளைக்கிழங்கை எடுத்து உரித்தாள்.

"பாப்பா, சொன்னா கேக்கணும்."

"கேக்க மாட்டேன்."

"அப்போ மட்டும் போனியே?"

"நீதானே போகச் சொன்னே. வளைவு திரும்புறதுக்குள்ள மூணு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை வான்னு கையைக் காட்டியிருந்தா வந்திருப்பேன். நீ முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தே."

உண்மைதான். வலியில் நான் அழுவதை அவள் பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்திருந்தேன். ஒரு வருஷமாக அவள்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கடைசி ஆள் வந்துவிட்டார். எல்லோருக்கும் பின்னால் வந்து, வழிகாட்ட மரத்தில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே போகிறவர். அவருக்கும் ஒரு உருளைக்கிழங்கு கொடுத்தாள். அவர் தின்று முடித்து, "போலாமா?" என்றார். போனோம். அவள் முன்னால் இறங்கினாள், இறக்கத்தில் பயப்படுகிறவள். எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் அதே கல்லில் வைத்தேன்.

கேக்க மாட்டேன் என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு கணக்கு உறைக்கிறது. அவள் வருஷம் முழுக்க ஓடியதெல்லாம் என்னால் போயிற்று. மூன்றாவது இடமும் இல்லை, ஜோடி இடமும் இல்லை. அவள் மூன்று நாளாக ஃபோன் பண்ணுகிறாள். எடுக்கக் கை வரவில்லை. என்ன முகத்தோடு பேசுவது?

மச்சான்


அக்டோபர் 29

மச்சானுக்கு,

இங்கே சௌக்கியம். அவ முழங்கால் சரியாயிடுச்சு. இடுப்பு எனக்குத்தான், அதுக்குக் காரணம் நீங்க ரெண்டு பேரும். கேளுங்க.

கெடு முடிஞ்ச உடனே முடிக்கிற இடத்துல எல்லாத்தையும் மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மேசை போச்சு, நாற்காலி போச்சு. வரவேற்பு வளைவைத் தாங்குற ரெண்டு கம்பத்தையும் கழட்டி லாரியில ஏத்த ஆள் வந்துட்டாங்க. நான் ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். "சார், விடுங்க சார், மணி ஆயிடுச்சு"ன்னாங்க. "நான் லிஃப்ட் மெக்கானிக், ஆள் உள்ளே இருக்குறப்போ கதவை மூட விட்டதில்ல"ன்னேன். வாயில வந்ததைச் சொன்னேன். அந்த நடத்துற அம்மா எங்கிருந்தோ வந்து அடுத்த கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் அந்த லாரி ஆட்களும் வந்து பிடிச்சாங்க. பொழுது சாய்ஞ்சு போச்சு. நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க, அவ தோள்ல உங்க கை, பின்னாடி ரிப்பனைத் தூக்கிக்கிட்டு ஒரு ஆள். கை தட்ட அங்கே யாருக்கும் கை ஒழியல, எல்லாரும் கம்பத்தைப் பிடிச்சிருந்தோம். அதனாலதான் ஒரு சத்தமும் இல்ல. நீங்க அதை வேற மாதிரி நினைச்சு வண்டியில ஏறிட்டீங்க.

ஓட்டம் நின்னு போனாலும் உங்க கோவம் மட்டும் தொடர் மாதிரி வருஷா வருஷம் வருமா? போன வருஷம் அவ போனான்னு பேசல. இந்த வருஷம் போகலன்னு பேசல. உங்ககிட்ட அவ எப்படி நடந்துக்கணும்னு ஒரு சட்டம் எழுதிக் கொடுத்துடுங்க.

இனிமே நான் எழுத மாட்டேன். எனக்கு விரல் வலிக்குது. அவளே எழுதுறா. அடுத்த தாளைப் பாருங்க.

உங்க மாப்பிள்ளை


அதே நாள்

அண்ணா,

நல்லா இருக்கியா? கால்ல தண்ணி ஊத்தி ஊத்திப் பாக்காதே, துணி கட்டி உயரத்துல தூக்கி வெச்சுப் படு. அண்ணியைக் கேட்டேன்னு சொல்லு.

எனக்கு இவர் மாதிரி எழுத வராது. வருஷம் வீணாப் போச்சேன்னு நீ நினைக்கிறியாம். எனக்கு வருத்தமே இல்லன்னு சொன்னா பொய். வீட்டுக்கு வந்து குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அழுது முடிச்சு மூஞ்சி கழுவினேன். மறுநாள் ஷிஃப்ட்டுக்குப் போனேன். அவ்வளவுதான் அந்த வருத்தம்.

போன வருஷம் முடிச்சேனே, அப்போ எல்லாரும் கை தட்டினாங்க, என்னைத் தூக்கினாங்க. அன்னைக்கு அழுதது இன்னும் முடியல. நீ ஜீப்ல இருந்து இறங்கி என்னைப் பாக்காம போனே. நீ சொன்னதைத்தானே செஞ்சேன், அப்புறமும் ஏன்னு ஒரு வருஷமா எனக்குப் புரியல. ஓடினா புரியுமோன்னு ஓடினேன். அந்தக் கல்லுல உக்காந்ததும் புரிஞ்சுது. நீ சொல்றது எல்லாத்தையும் கேக்கக் கூடாது. இதை எனக்கு நாப்பத்தி மூணு வயசுல கத்துக்க வேண்டியதாப் போச்சு.

அடுத்த வருஷத்துக்குப் பேர் கொடுத்துட்டேன். மஞ்சள்தான். உன்னைக் கேக்கல, கேட்டா வேண்டாம்பே.

ஞாயித்துக்கிழமை காலையில ஃபோன் பண்ணுவேன். எடு. எடுத்துட்டு, "நீ போ"ன்னு சொல்லிப் பாரு.

பாப்பா